சிவப்பு விளக்கு எரியும் மலைப்பாதை

தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து மாலைப் பேருந்தில் வீடு திரும்பும் ஒருவரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வருகிறது. நம்மில் பலருக்கு அவ்வேளையில் வருவது, கணக்கில் வரவு வைக்கப்பட்ட தொகையின் விவரமாக இருக்கும். வால்பாறைத் தொழிலாளிக்கு வருவதோ, இன்றிரவு எந்தத் தோட்டத்தின் அருகில் யானைகள் நிற்கின்றன என்னும் தகவல்.

ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடைய பீடபூமி வால்பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்த மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் பயிரிடத் தொடங்கினர். தோட்டங்களைச் சூழ்ந்து இன்றும் காடு நிற்கிறது. இடையிடையே சிறு சோலைகளும் ஆற்றோரப் பசுமையும் எஞ்சியுள்ளன. யானைகள் பகலில் அவற்றில் ஒதுங்கி, இருள் சூழ்ந்தபின் தேயிலைச் செடிகளினூடே கடந்து செல்கின்றன.

காடு போன பின்னும் அவை ஏன் இவ்வழியே வருகின்றன? யானைக் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், மகள், பேத்தி, சகோதரியர் அடங்கிய குடும்பம். ஆண் யானைகள் வளரிளம் பருவத்தில் பிரிந்துவிடும். நீரும் தீனியும் எப்பருவத்தில் எங்குக் கிட்டும் என்பதை மூத்த பெண் யானையின் நினைவே கூட்டத்துக்குச் சொல்கிறது. ஏறத்தாழ 22 மாதங்கள் கருவில் சுமந்து ஈன்ற கன்று, தாயின் பின்னால் நடந்தே அவ்வழியைக் கற்றுக்கொள்கிறது. வேலி போட்டு மறிப்பதால் மட்டும் அந்த நினைவு அழிந்துவிடாது. பிரிந்து மேயும் உறவினரோடு, மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் அவை பேசிக்கொள்வதும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் என்னும் ஆய்வாளர், காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தே இதைக் கண்டறிந்தார்.

அருகில் நிற்கும் யானையை மனிதர் அறியாமலிருப்பதுதான் வால்பாறையின் துயரம். 1994 தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகளில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர், அங்கே யானை இருப்பது தெரியாமல் இருட்டில் நடந்து சென்றவர்கள். அரிசியும் உப்பும் தேடி நியாயவிலைக் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் யானைகள் உடைத்த இழப்பு தனி.

இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் குழுவினரும் பல ஆண்டுகள் இந்த யானைகளைப் பின்தொடர்ந்து, தீர்வை மிக எளிய இடத்தில் கண்டனர்: யானையை விரட்டுவதைவிட, அது இருக்குமிடத்தை மனிதருக்குச் சொல்லிவிடுவது மேல். முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரிகளாகத் தகவல் வந்தது. 2011 முதல் குறுஞ்செய்தியாக வரலாயிற்று. பின்னர், கைப்பேசியால் இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகளைப் பாதைச் சந்திப்புகளில் உயரமாக நிறுத்தினர். வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் துணைநின்றன. உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

யானைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது. 2010இல் யானை நம் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புகள் வேண்டியவைதாம். ஆயினும் இந்த விளக்குகளில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. அவற்றை ஏற்றுவோர் வெளியூர் அதிகாரிகள் அல்லர். தோட்டக் குடியிருப்புகளில் வாழும் மக்களே. யானையைக் கண்டவர் தம் கைப்பேசியிலிருந்து அழைக்கிறார். மலைச்சரிவில் விளக்கு சிவக்கிறது. கடைசிப் பேருந்திலிருந்து இறங்கியவர், துணைக்கு ஆள் வரும்வரை அங்கேயே நிற்கிறார்.