பெற்றோலியத் திரவங்களின் பாகுநிலை

நீரும் தேனும் திரவங்களே. எனினும், சாய்த்த கலத்தினின்றும் நீர் விரைந்தோடத் தேனோ மெல்லென வழிகின்றது. திரவத்தின் படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லுங்கால் எழும் உள்ளுராய்வே இதற்குக் காரணம். இவ்வியல்பு பாகுநிலை எனப்படும். பாகுநிலையை அடர்த்தியால் வகுக்க வருவது இயக்கப் பாகுநிலை. அதனைச் சென்ரிஸ்ரோக்கு என்னும் அலகால் அளப்பர். 20 பாகை செல்சியசில் நீரின் இயக்கப் பாகுநிலை ஏறக்குறைய 1 சென்ரிஸ்ரோக்கு ஆகும்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றைக் கட்டுமுன் அதன் செயன்முறை முழுவதையும் கணனியில் உருவகித்துப் பார்ப்பது இன்றைய பொறியியலாளர் வழக்கம். குழாயின் விட்டம், பம்பியின் வலு, வெப்பமாற்றியின் பரப்பு ஆகிய மூன்றும் பாகுநிலையைச் சார்ந்தவை. இவ்வெண் பிழைப்பின், எண்ணெய் ஓடத் தொடங்கிய பின்னரே பிழை புலனாகும். அப்பொழுது திருத்துதல் அரிது.

தூய திரவமாயின் அளந்தறிந்த எண்ணை அட்டவணையிற் காணலாம். மசகு எண்ணெயோ எண்ணிறந்த ஐதரோகாபன்களின் கலவை. ஆதலின், அதனைக் கொதிநிலை வரிசையிற் பல துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தனிப்பொருள் போலக் கொள்வர். இவை போலிக்கூறுகள் எனப்படும். ஒவ்வொன்றன் கொதிநிலையும் அடர்த்தியும் தெரிந்தால், மரபாக 100, 210 பாகை பரனைற்று ஆகிய இரு வெப்பநிலைகளில் அதன் பாகுநிலையை அனுபவச் சூத்திரங்களால் மதிப்பிடலாம். 1985 இல் துவூ என்பார் வெளியிட்ட முறை இவ்வகையினது. கொதிநிலை மட்டும் போதாதோ எனின், போதாது. ஒரே கொதிநிலையுடைய இரு துண்டங்களுள் ஒன்று சங்கிலி மூலக்கூறுகளையும் மற்றையது வளைய மூலக்கூறுகளையும் மிகுதியாகக் கொண்டிருத்தல் கூடும். அவ்வேறுபாட்டை உணர்த்துவது அடர்த்தியே.

பிற வெப்பநிலைகளுக்கு வால்தரின் பெயரால் வழங்கும் சமன்பாடு பயன்படும். இயக்கப் பாகுநிலையுடன் 0.7 ஐக் கூட்டி, அதன் மடக்கைக்கு மீண்டும் மடக்கை கண்டு, தனிவெப்பநிலையின் மடக்கைக்கு எதிரே குறித்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கிடைக்கும். 40 பாகை செல்சியசில் 100 சென்ரிஸ்ரோக்கும் 100 பாகையில் 10 சென்ரிஸ்ரோக்கும் உடைய எண்ணெயொன்றை எடுத்துக்கொள்வோமாயின், 70 பாகையில் அதன் பாகுநிலை கூட்டற் சராசரியாகிய 55 அன்று, 25 அளவே.

கலவையில் இவ்வுண்மை இன்னுந் தெளிவாகும். 1000 சென்ரிஸ்ரோக்குடைய கனத்த எண்ணெயையும் 2 சென்ரிஸ்ரோக்குடைய இலேசான எண்ணெயையும் சமநிறையாகக் கலந்தால், 501 வருமென எண்ணத் தோன்றும். இரட்டை மடக்கையின்வழி அமைந்த கலவைச் சுட்டெண் முறையோ ஏறக்குறைய 14 என விடை தரும். இலேசான எண்ணெய் சிறிது சேரினும் கனத்த எண்ணெயின் தடை பெரிதுங் குன்றுவதே இதன் கருத்து.

இம்முறைகளுக்கும் எல்லையுண்டு. குளிரில் மெழுகு பளிங்காகப் பிரியுமிடத்து நேர்கோடு பிறழும். பாகுநிலை ஓட்டத்தின் வேகத்திற்கேற்பவும் மாறும். வடித்தபின் எஞ்சும் அடிவண்டலிலோ, கொதிநிலையையும் அடர்த்தியையும் மட்டுங் கொண்டு பெற்ற மதிப்பு பெரிதும் தவறக்கூடும். அத்தகைய இடங்களில் ஆய்வுகூடத்தில் இரு வெப்பநிலைகளில் அளந்த எண்களைக் கணனிக்கு ஊட்டுதலே தக்கது. சூத்திரம் அளவீட்டுக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றாகாது.