ஏசியைக் கழற்ற முன் கேஸைப் பூட்டுங்கள்

கண்டாவளையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அண்மையில் எமது கடைக்கு வந்தார். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது அப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இனியும் அப்படி நேரலாம் என்று, தரையோடு இருந்த ஏசியின் வெளிப்பெட்டியைச் சுவரில் உயர்த்திப் பூட்ட ஆள் பிடித்திருக்கிறார். வந்தவர் எடுத்த எடுப்பிலேயே குழாய் நட்டைக் கழற்ற, உள்ளே இருந்த கேஸ் முழுவதும் 'உஸ்' என்று காற்றோடு போய்விட்டது. பின்னர் கேஸ் அடிக்கத் தனியாகக் காசு கேட்டாராம். "முதலாளி, இது நியாயமா?" என்று கேட்டார்.

நியாயமில்லை. ஏசியின் கேஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. கசிவு இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் குறையாது. அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள். இடம் மாற்றும்போது அதை வெளிப்பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோகலாம். இதைத் தொழிலில் 'பம்ப் டவுன்' என்பார்கள்.

முறை இதுதான். வெளிப்பெட்டியின் பக்கத்தில் மெல்லிய குழாய், தடித்த குழாய் என்று இரண்டு உண்டு. தடித்த குழாயின் வால்வில் கேஜ் மாட்டி, ஏசியைக் குளிரூட்டும் நிலையில் ஓடவிட வேண்டும். முதலில் மெல்லிய குழாயின் வால்வை எலன் கீயால் பூட்ட வேண்டும். கம்பிரசர் மிச்சக் கேஸை இழுத்து வெளிப்பெட்டியில் சேர்க்கும். கேஜ் முள் சைபரை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் பூட்டி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சில நிமிட வேலைதான்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. கம்பிரசர் ஓடும்போது குழாயைக் கழற்றினால் காற்று உள்ளே புகும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அமுங்கிச் சூடேறினால் கம்பிரசர் வெடிக்கும். ஜப்பானில் இவ்வாறான விபத்துகள் நடந்துள்ளன. ஆகவே இதை வீட்டுக்காரர் செய்து பார்க்க வேண்டாம். அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, அருகில் நின்று கவனியுங்கள். கம்பிரசர் பழுதென்றால் இம்முறை சரிவராது. கேஸை இயந்திரத்தால் சிலிண்டரில் சேகரிக்க வேண்டும்.

கேஸை வெளியே விடுவது ஊருக்கும் கேடு. பழைய ஏசிகளின் ஆர்-22 ஓசோன் படையைத் தாக்கும். 1987இன் மொன்ட்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. ஆர்-410ஏ ஓசோனைத் தாக்காது; ஆனால் ஒரு கிலோ ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். புதியவற்றில் வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது.

மீண்டும் பூட்டும்போது, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெக்கியூம் பம்பினால் எடுத்த பின்பே வால்வுகளைத் திறக்க வேண்டும். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவும் பார்க்க வேண்டும்.

கூலி பேசும்போதே, "பம்ப் டவுன் செய்வீர்களா, வெக்கியூம் பம்ப் கொண்டுவருவீர்களா?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.