கேசட்டில் இருக்கும் காதணி விழா

தேனி மாவட்டத்து வீடுகளில் பீரோவின் மேல்தட்டு முக்கியமான இடம். மொய் நோட்டு, நிலப் பத்திரம், ஜாதகம், கல்யாண ஆல்பம் எல்லாம் அங்கேதான் இருக்கும். உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் போகும் சாலையில் உள்ள அனுமந்தன்பட்டியும் இதற்கு விலக்கல்ல. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அந்தத் தட்டில் இன்னொரு பொருளும் சேர்ந்தது. அதுதான் உள்ளங்கைக்குள் அடங்கும் மினி டிவி கேசட். இங்கே டிவி என்பது டிஜிட்டல் வீடியோ. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஹேண்டிகேமில் பதிந்தவை இவை. சீர்வரிசைத் தட்டுகளோடு தாய்மாமன் வீட்டார் தெருவில் வரும் ஊர்வலம், பிள்ளையின் காதணி விழா, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா என்று மணிக்கணக்கில் இருக்கும்.

கேமரா இன்னும் ஓடும். கேசட்டும் நன்றாக இருக்கும். கணினியில் இணைத்தால் மட்டும் ஒன்றும் வராது. உடனே "கேமரா போச்சு" என்று முடிவுகட்டி, பழைய சாமானோடு போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத வருத்தம் உண்டு. இணைப்பு கிடைக்காத கேமராக்களில் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. வயரைத் தவறான துளையில் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தவறான துளை யூஎஸ்பி. இன்று எல்லாக் கருவியையும் யூஎஸ்பியில்தான் இணைக்கிறோம், ஹேண்டிகேமிலும் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது, அதனால் கை தானாக அங்கே போகிறது. செருகினால் கணினி ஒரு நினைவு அட்டையைக் காட்டும். அதற்குள் என்றோ எடுத்த நான்கைந்து புகைப்படங்கள் இருக்கும், அல்லது எதுவும் இருக்காது. கேசட்டில் உள்ள வீடியோ அங்கே வராது. அந்தத் துளை முக்கியமாகப் புகைப்படத்துக்காகவும், கேமராவை வெப்கேம்போலப் பயன்படுத்தவும் வைத்தது. பல மாடல்களில் அது நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே கடத்தும் பழைய யூஎஸ்பி. கேசட்டிலிருந்து வரும் படத்துக்கு மட்டுமே நொடிக்கு 25 மெகாபிட் வேண்டும். வழி போதாது. பானசோனிக்கின் பிற்கால மாடல்கள் சிலவற்றில் வேகமான யூஎஸ்பி வழியாக வீடியோ வரும். ஆனால் அவை விதிவிலக்கு.

இதைப் புரிந்துகொள்ளக் கேமராவுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். கேசட்டில் கோப்பு என்று எதுவும் கிடையாது. 6.35 மி.மீ. அகலமுள்ள நாடா, நொடிக்கு 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஊர்ந்து போகிறது. அது சுற்றிப் போகும் சின்ன உருளை நிமிடத்துக்கு 9,000 முறை, அதாவது நொடிக்கு 150 முறை சுழல்கிறது. உருளையில் இரண்டு ஹெட். ஒரு நொடியில் அவை நாடாவின் மேல் 300 சாய்கோடுகளைப் படிக்கின்றன. ஒவ்வொரு கோட்டின் அகலமும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. நம் நாட்டின் பி.ஏ.எல். முறையில் 12 கோடுகள் சேர்ந்தால் ஒரு படம், நொடிக்கு 25 படம். ஒரு படத்துக்கு 1,44,000 பைட். நொடிக்கு 36 லட்சம் பைட், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 13 ஜிபி. 1995-ல் வெளிவந்த ஒரு முறைக்கு இது வியப்பூட்டும் துல்லியம். கல்யாண வீடியோகாரர் கொடுத்த டிவிடியில் படம் இதைவிடப் பலமடங்கு சுருக்கப்பட்டிருக்கும். ஆகவே டிவிடி இருக்கிறதே என்று மாஸ்டர் கேசட்டை விட்டுவிடக் கூடாது.

உருளை சுழலும் வரை படம் வந்துகொண்டே இருக்கும். கணினிக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று நாடா நடுவில் நிற்காது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கருக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வரும்போது, முறை வந்த நேரத்தில் வயலின் மடை திறந்திருக்க வேண்டும். நமக்காகத் தண்ணீர் வாய்க்காலில் காத்து நிற்காது. கேசட்டிலிருந்து வரும் வீடியோவும் அப்படித்தான். அதை வாங்கிக்கொள்ள ஏற்ற இணைப்பு ஃபயர்வயர். ஆப்பிள் தொடங்கிய இந்த இணைப்பு 1995-ல் ஐஇஇஇ 1394 என்ற தரமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நொடியை 8,000 முறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையிலும் வீடியோவுக்கென்று இடம் ஒதுக்கிவிடுகிறது. வேறு எந்தத் தரவும் அந்த இடத்தில் நுழைய முடியாது. சோனி கேமராவில் இந்தத் துளைக்கு ஐ-லிங்க் என்று பெயர். மற்ற நிறுவனங்களின் கேமராக்களில் டிவி அவுட் அல்லது டிவி இன்-அவுட் என்று போட்டிருக்கும். நான்கு ஊசி கொண்ட மிகச் சிறிய துளை. ரப்பர் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பலர் அதைப் பார்த்ததேயில்லை.

இனி கணினிப் பக்கம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளிலும் நிறைய உண்டு. அவற்றில் ஃபயர்வயர் துளையை எதிர்பார்க்க முடியாது. புதிய மடிக்கணினிகளிலும் இல்லை. இணையக் கடைகளில் ஒருமுனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு வயர் விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். இரண்டும் வேறுவேறு முறையில் பேசும் இணைப்புகள். நடுவே மொழிபெயர்க்கும் சிப் எதுவும் இல்லாத வெறும் வயர் எதையும் கடத்தாது, துளையைக் கெடுக்கவும் கூடும். சரியான வழி, மேசைக் கணினியில் ஒரு ஃபயர்வயர் கார்டு பொருத்துவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய வீடியோ மிக்ஸிங் கடைகளில் இத்தகைய கார்டோடு ஒரு கணினி ஓரமாக இருக்க வாய்ப்புண்டு. கம்பம், உத்தமபாளையம், தேனி என்று எங்கே அப்படிக் கடை இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். வாடகைக்குக் கிடைத்தால் புதிதாக எதையும் வாங்கவே வேண்டாம்.

வயரைச் செருகும்போது ஒரு பெரிய எச்சரிக்கை. கணினிப் பக்கத்து ஆறு ஊசித் துளையில் 30 வோல்ட் வரை மின்சாரம் இருக்கலாம். அந்த முனையை அழுத்தித் தலைகீழாகத் திணித்துவிட்டால் மின்சாரம் தரவுக் கம்பிக்குள் பாய்ந்து கேமராவின் துளை எரிந்துவிடும். கணினியையும் கேமராவையும் அணைத்துவிட்டு, முனையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்துச் செருகுவதே பாதுகாப்பு.

எல்லாம் சரியாகச் செருகியும் கணினி கேமராவைக் கண்டுகொள்ளவில்லையா? கணினியைச் சந்தேகிக்கும் முன், கேமராவின் சொந்தத் திரையிலேயே கேசட்டை ஓட்டிப் பாருங்கள். என் கருத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சோதனையிலேயே தீரும். அங்கேயே படம் சதுரம் சதுரமாக உடைந்தால் கோளாறு ஹெட்டிலோ நாடாவிலோதான். சோனி கேமராவில் சி:21 என்று வந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது. கேசட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரமாவது மூடியைத் திறந்து வைக்க வேண்டும். சி:22 என்றால் ஹெட்டில் அழுக்கு. அதற்கென்றுள்ள உலர் கிளீனிங் கேசட்டைச் சில நொடிகள் மட்டும் ஓட்ட வேண்டும், அதிகம் ஓட்டினால் ஹெட் தேய்ந்துவிடும். சி:31, சி:32 வந்தால் நாடாவை இழுக்கும் பொறியிலேயே கோளாறு இருக்கலாம். மின்சாரத்தை எடுத்து மீண்டும் கொடுத்தும் போகாவிட்டால் மெக்கானிக் கையில் கொடுப்பதே மேல்.

கேரள மலைப்பக்கமிருந்து இறங்கும் சாரலும் ஐப்பசி மழையும் என இரண்டு பருவத்தின் ஈரமும் சேரும் பள்ளத்தாக்கு இது. கேசட்டின் சன்னல் வழியாக நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், அதைக் கேமராவில் போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும்.

திரையில் படம் சுத்தமாக ஓடுகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால், கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவு நிலையில் இருந்தால் கணினியில் லென்ஸ் பார்ப்பதுதான் தெரியும். வி.சி.ஆர். அல்லது பிளே நிலைக்கு மாற்ற வேண்டும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். பிற்காலத்தில் கல்யாண வீடியோகாரர்கள் வைத்திருந்த, உயர் தெளிவில் பதியும் ஹெச்டிவி கேமராவாக இருந்தால், ஐ-லிங்க் வழியாக எந்த வகை வீடியோவை அனுப்புவது என்று மெனுவில் ஓர் அமைப்பு உண்டு. வயரைச் செருகும் முன்பே அதை மாற்ற வேண்டும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 7 வரை பழைய ஃபயர்வயர் டிரைவர் கூடவே வந்தது. விண்டோஸ் 8-லிருந்து மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டுத் தனியே பதிவிறக்கும்படி வைத்தது. புதிய டிரைவரோடு கேமரா தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், அல்லது கேப்சர், அதாவது கணினிக்குள் வீடியோவை எடுப்பது, நடுவில் அறுந்துபோகும். டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரைத் திறந்து, 'லெகசி' என்று முடியும் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பல கணினிகளில் பிரச்சினை அங்கேயே தீரும். மேக் வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட் மாற்றிகளை வைத்துச் சமாளித்துவந்தார்கள். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோ ஃபயர்வயரை முற்றாகக் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் இன்னும் வேலை செய்கிறது. டிவிகிராப் என்ற இலவச மென்பொருள் போதும்.

கேப்சர் ஆரம்பித்து, இருபது நிமிடத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டால் அது கேமராவின் குற்றமல்ல. ஹார்டு டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கிறது. ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர அந்த முறை விடாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்ற வேண்டும். அங்கங்கே படம் துள்ளினால் கணினியில் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். அதற்கும் சரியாகாமல், எல்.பி. முறையில் பதிந்த கேசட்டாக இருந்தால் கொஞ்சம் கஷ்டம். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்க, கோட்டின் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்திருப்பார்கள். அதை எடுத்த கேமராவிலேயே ஓட்டினால்தான் ஒழுங்காகப் படிக்கும். கேமராவைத் தூக்கிப்போட வேண்டாம் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபயர்வயர் எப்படியும் கிடைக்கவில்லை என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் வழியாக ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியில் எடுக்கலாம். தரம் குறையும். படம் கறுப்பு வெள்ளையில் வந்து உருண்டால் மென்பொருளை அமெரிக்க முறையான என்டிஎஸ்சியிலிருந்து பி.ஏ.எல்.லுக்கு மாற்றுங்கள். அமெரிக்காவில் வாங்கிய கேமராவாக இருந்தால் நேர்மாறாக. இன்னும் பழைய 8 மி.மீ. கேசட் இருந்தால், சோனியின் டிஜிட்டல்8 கேமராக்கள் பலவும் அதை ஓட்டி ஃபயர்வயர் வழியே அனுப்பும்.

2019-ல் யுனெஸ்கோவும் ஒலி, காட்சிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களுக்கென்று ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் அதற்கு முன்பே 2025-ஐக் கெடுவாகச் சொல்லியிருந்தது. நாடா அழியும் முன்பே அதை ஓட்டும் கருவியும் உதிரி பாகமும் கிடைக்காமல் போய்விடும் என்பதே அவர்கள் கவலை. பெரிய காப்பகங்களிடம் நிபுணர்கள் இருக்கிறார்கள். அனுமந்தன்பட்டியின் ஒரு வீட்டில் இருக்கும் ஆறு கேசட்டுக்கு அந்த வீட்டுக்காரர்தான் காப்பாளர்.

கேப்சர் செய்யும் முன் கேசட்டின் பின்பக்கச் சிறு பொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. நெடுநாள் சுற்றாமல் கிடந்த நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் இறுக்கம் சீராகும். ஃபயர்வயரில் எடுத்தால் பதிவான நாளும் நேரமும் படத்தோடு சேர்ந்தே வரும், மஞ்சள் வயரில் அது வராது. வின்டிவி என்ற சிறிய மென்பொருள் அந்த நாளையே கோப்பின் பெயராக வைத்துவிடும். கேமராவில் அப்போது தேதி சரியாக வைத்திருந்தார்களா என்று மொய் நோட்டின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரக் கேசட் கணினிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர்களைத் திரைமுன் உட்கார வையுங்கள். சீர்த்தட்டு தூக்கி வருவது யார், பந்தியில் சிரிப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எந்த நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.