செய்தியின் வழியறிதல்: பள்ளிப் பிள்ளைகளுக்கான இணையக் கல்வி

இணையத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்னும் வினா எழும்போதெல்லாம், நம் பேச்சு அவர்களுக்கு நேரக்கூடிய தீங்குகளைச் சுற்றியே அமைகிறது. முகமறியாதோர் நட்பு, ஆபாசக் காட்சிகள், பண மோசடி ஆகியவற்றை எண்ணி அஞ்சுகிறோம். இந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், கைபேசியை ஏந்திய பிள்ளை தீங்குக்கு ஆளாவதோடு நில்லாமல், பிறருக்குத் தீங்கைக் கொண்டு சேர்க்கவும் கூடும். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே முழுமையான இணையக் கல்வியாகும்.

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகப் பரவியிருந்தது. திரண்ட கூட்டம் அடித்ததில் மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். வதந்தியை அனுப்பியோரில் பலர் அயலாரை எச்சரிப்பதாகவே எண்ணியிருப்பர். ஓர் உயிரைக் காக்க அந்த நல்லெண்ணம் உதவவில்லை.

அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்டோருக்கோ குழுக்களுக்கோ அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிடத் தொடங்கியது. இத்தகைய வரம்பு பொய்யின் வேகத்தைக் குறைக்கும். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் பணியோ மனிதனுடையது. அதற்கான பயிற்சி பள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

இதற்கு அண்டை மாநிலத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. 2017இல் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடைபெற்றபோது தமிழகத்திலும் கேரளத்திலும் அதற்கெதிரான வதந்திகள் கைபேசி வழியே பரவின. வட கேரளத்தில் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். இவ்வனுபவத்தைக் கண்ட கண்ணூர் மாவட்ட நிர்வாகம், அப்போதைய ஆட்சியர் மீர் முஹம்மது அலியின் முயற்சியால், 2018இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்னும் பெயரில் வகுப்புகளைத் தொடங்கியது. செய்தியின் மூலத்தைத் தேடுதல், கவர்ச்சித் தலைப்புகளுக்கு மயங்காமை, ஐயமுள்ளதை அனுப்பாது நிறுத்துதல் ஆகியன அங்குப் பாடங்களாயின. 2022இல் இதே பெயரில் கேரள அரசின் கைட் நிறுவனம் மாநிலமெங்கும் 19.72 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது.

இப்பாடத்தின் அடிப்படை நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையைப் பயின்றோர் இதனை உடனே உணர்வர். ஒரு செய்தியின் வாசகமாகிய மத்னை ஆராயும் முஹத்திஸ்கள், அதைக் கொண்டு வந்த அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதையும் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் உண்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, யாரிடமிருந்து கேட்டதாகச் சொல்கிறாரோ அவரைச் சந்தித்தவரா என்றெல்லாம் வினவினர். இதற்கென்றே அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலை வளர்ந்தது. மக்களை நன்மையின்பால் தூண்டும் எண்ணத்தோடு ஹதீஸ்களைப் புனைந்தோரும் வரலாற்றில் உண்டு. அவர்களது நல்லெண்ணத்தைக் காரணமாகக் கொண்டு அப்புனைவுகளை முஹத்திஸ்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

“பெரிய மருத்துவர் ஒருவர் சொன்னார்” என்று கைபேசியில் வரும் செய்தி, அறிவிப்பாளர் யாரென்று அறியப்படாத ஒன்று. “எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்” என்பது தொடர் அறுந்த செய்தி. செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்க முடிகிற இக்காலத்தில், கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்பதும் போதாது. யார் சொன்னார், எப்போது, அவருக்கு எப்படித் தெரியும் என்னும் மூன்று கேள்விகளைப் பத்து வயதுப் பிள்ளையும் கேட்கப் பழகலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஆதாரமற்ற மார்க்கச் செய்திகளிடமும் அதே கேள்விகளை நாம் கேட்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை நம்மை நம்பும்.

அடுத்தது அந்தரங்கம். பருவமெய்தாத சிறாரும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெரியோரின் அறைக்குள் நுழைய வேண்டுமென அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. பிறருடைய எல்லையை மதிக்கும் ஒழுக்கம் சிறு வயதிலேயே பழக வேண்டியது என்பது இதன் உட்பொருள். தோழியின் படத்தை அவளது அனுமதியின்றிப் பகிராதிருத்தலும், பிறர் கைபேசியைத் திறந்து பாராதிருத்தலும் அவ்வொழுக்கத்தின் இன்றைய வடிவங்களே. தன் கடவுச்சொல்லும் ஓடிபி எண்ணும் தான் காக்க வேண்டிய அமானிதம் என்பதையும் பிள்ளை அறிய வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் நோக்கில் சிறாரை இணைய வழியே துன்புறுத்துவதையும் குற்றமாக்குகிறது. சிறார் உதவிக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்கள் உள்ளன.

எனினும் மிரட்டலுக்கு உள்ளான பிள்ளை முதலில் தேடுவது எண்ணை அன்று. தன்னை ஏசாமல் கேட்கும் ஒருவரைத்தான். “சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள்” என்ற பயமே மிரட்டுவோனின் பெருந்துணை.

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துள்ளது. தடை காலத்தைத் தள்ளிப்போடலாம். 16 வயது நிறையும் நாளில் பிள்ளையிடம் இருக்க வேண்டிய பகுத்தறிவை அது தந்துவிடாது. திருவதிகையிலும் பண்ருட்டியிலும் நெய்வேலி நகரியத்திலும் பள்ளிகள் உண்டு. பள்ளிவாசல்களை ஒட்டி மக்தபுகளும் உண்டு. வாரத்திற்கு ஒரு நாள், கைபேசிக்கு வந்த ஒரு செய்தியை மாணவர் நடுவே வைத்து அதன் வழியை ஆராயச் செய்தால் போதும். இதற்குக் கணினி அறை வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர் ஒருவர் வேண்டும்.