கோடு போட்டே வாழ்ந்த நஸ்ரீன்

2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், நவீன கலைக்கென்று ‘மெட் ப்ராயர்’ என்ற கிளையைத் திறந்தது. திறப்புக்கு வைத்த இரண்டு பெரிய கண்காட்சிகளில் ஒன்று, ஒரே ஓவியரின் படைப்புகளுக்கானது. அவர் நஸ்ரீன் முகமதி. அவர் இறந்து அப்போது ஏறக்குறைய 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பே ஜெர்மனியின் காஸல் நகரில் 2007-ல் நடந்த டாக்குமென்டா கலைக் கண்காட்சியிலும், 2015-ல் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்திலும் அவருடைய கோடுகளை உலகம் பார்த்துவிட்டது. நம் மதுரைப் பக்கம் ஓவியக் கல்லூரிக்கு வெளியே அந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள். முஸ்லிம் ஓவியர் என்றதும் எம்.எஃப். ஹுசைனைச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த ஜே. சுல்தான் அலியைச் சொல்வார்கள்.

நஸ்ரீன் 1937-ல் கராச்சியில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். 1944-ல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. தந்தைக்கு பஹ்ரைனில் வியாபாரம். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் பள்ளியில் படிப்பு, பிறகு பாரிஸ். பம்பாயில் புலாபாய் தேசாய் நிலையத்தில் கெய்தொண்டே, தையப் மேத்தா போன்ற ஓவியர்களின் பழக்கம். 1972-ல் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்த வரலாற்றை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. அவருடைய நிஜமான வாழ்க்கை, வரைபலகை முன்னால்தான் நடந்தது.

சுற்றிலும் எல்லோரும் மனித உருவங்களையும் கதைகளையும் வண்ணங்களில் குழைத்துக்கொண்டிருந்த காலம் அது. நஸ்ரீன் வண்ணத்தை விட்டார், கேன்வாஸை விட்டார். பென்சில், கறுப்பு மை, காகிதம் என்று ஒதுங்கினார். கையில் எடுத்தவை கட்டட வரைவாளரின் கருவிகள். மதுரையில் முன்பு வீட்டு பிளான் போட்டுக் கொடுத்த டிராப்ட்ஸ்மேன்களைப் பார்த்தவர்களுக்கு அவை தெரிந்திருக்கும்: டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், மை ஊற்றிக் கோடிழுக்கும் பேனா. அந்தப் பேனாவுக்கு நிப் கிடையாது. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளும் நடுவில் ஒரு திருகும்தான். திருகைத் தளர்த்தினால் கோடு தடிக்கும், இறுக்கினால் மெலியும். தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு மை கூடினால் காகிதத்தில் பொட்டென்று விழுந்து அதுவரை செய்த வேலை மொத்தமும் பாழ். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. இந்தக் கருவியோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தார் நஸ்ரீன். எழுபதுகளில் கட்டம் கட்டமாகப் பின்னிய கோடுகள். எண்பதுகளில் பெரிய வெற்றிடத்தில் மிதக்கும் சில சாய்கோடுகள், ஒரு முக்கோணம், ஒரு வில். எதற்கும் தலைப்பு இல்லை, பெரும்பாலும் தேதியும் இல்லை.

வெறும் கோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அவர் எடுத்த புகைப்படங்களை. உயிரோடு இருந்தவரை அவற்றை அவர் கண்காட்சியில் வைக்கவே இல்லை. ஃபதேபூர் சிக்ரியின் கல் தளம், கடற்கரையில் அலை விட்டுப்போன தடம், தறியில் இழுத்துக் கட்டிய நூல்கள். தறிப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சின்னாளபட்டிதான் நினைவுக்கு வந்தது. வாடிப்பட்டியிலிருந்து திண்டுக்கல் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர். சுங்குடிச் சேலைக்குப் பேர்போனது. காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரே விறைப்பில் ஓடும். நடுவில் ஒன்று அறுந்தால் நெசவாளியின் கண் அதில் போய் நிற்கும், விரல் எச்சில் தொட்டு அதை முறுக்கிச் சேர்க்கும். நஸ்ரீனின் ஓவியத்திலும் அப்படித்தான், ஓரிடத்தில் இடைவெளி கொஞ்சம் மாறும், ஒரு கோடு சற்று மெலியும், நம் கண் அங்கே போய் நிற்கும். அரூப ஓவியம் புரியாது என்று பயப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். பாவு இழைகளைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அவருடைய கட்டங்கள் அந்நியமானவை அல்ல.

இஸ்லாமியக் கட்டடக் கலையின் வடிவ கணிதமும் சூஃபி மரபும் இந்தக் கோடுகளுக்குள் இருப்பதாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. இருக்கலாம். அவர் யாராகப் பிறந்தார் என்பதைவிட, தினமும் எதைப் பார்த்தார், கையை எப்படிப் பழக்கினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. உடலசைவின் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் நரம்பு நோய் அவரைப் பிடித்தது. நடையும் கையும் சொன்னபடி கேட்காத அந்த ஆண்டுகளில்தான் அவருடைய மிக நுட்பமான கோடுகள் பிறந்தன. நடுங்கும் உடம்பிலிருந்து நடுங்காத கோட்டை எடுத்ததை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நோய்க்கு முன்பே பழக்கிய பழக்கம் அது. கருவி தாங்கியது, பயிற்சி தாங்கியது. 1990-ல் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கடற்கரையில் இறந்தார்.

அவர் ஓர் ஓவிய ஆசிரியர் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நின்றவர். நான் கவலைப்படுவது இங்கேதான். நம் பிள்ளைகளுக்கு இன்று ஓவிய வகுப்பு எங்கே? தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்கு 2012-ல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தனியார் பள்ளிகளும் இதில் உயர்த்தி இல்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் டிராயிங் பீரியடு கணக்குக்குப் போய்விடுகிறது. பிளான் போடுவது முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போனபின், கையால் கோடு இழுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் அருகிவிட்டார்கள். கம்ப்யூட்டர் நேர்க்கோடு போடும். இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு விட வேண்டும் என்று யோசிக்கும் பொறுமையை அது பிள்ளைக்குத் தராது. பொறுமை விரல் வழியாகத்தான் ஏறும். தேர்வு மதிப்பெண்ணுக்கு ஓவியம் உதவாது என்பவர்களின் அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் வாரத்தில் இரண்டு பீரியடு போனதால் கணக்கில் தோற்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், வெள்ளைத்தாள். நம் வட்டாரத்தில் வரைவதற்கு இழைகளுக்கும் வரப்புகளுக்கும் பஞ்சமில்லை. வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளைச் சின்னாளபட்டிக்குக் கூட்டிப்போய், தறி முன்னால் உட்காரவைத்து, பார்த்ததை வரையச் சொல்லலாம். வாரத்தில் இரண்டு ஓவியப் பீரியடு, அவற்றை வேறெந்தப் பாடமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டம் நடக்கும்போது மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள்.