பூட்டை உடைக்காமல் புகுந்த திருடன்!

ஆழ்வார்குறிச்சி ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஊராரின் ஆதார் நகல், பட்டா, கல்விச் சான்றிதழ் எல்லாம் கிடக்கின்றன. இரவு கடையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டால் போதுமா?

அதே நெல்லைச் சீமையில்தான் கூடங்குளம் அணு மின் நிலையம் இருக்கிறது. மதில் உண்டு. துப்பாக்கி ஏந்திய காவல் உண்டு. அங்கேயே 2019-ம் ஆண்டு ஓர் உளவு வைரஸ் புகுந்துவிட்டது!

செப்டம்பர் 4-ந் தேதி மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. ஆனாலும் அக்டோபர் 29-ந் தேதி, "பொய்ச் செய்தி" என்று நிலையம் மறுத்தது. மறுநாளே அணு மின் கழகம் ஒப்புக்கொண்டது! அகப்பட்டது, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர். உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அதனோடு தொடர்பே கிடையாது. அதனால் உலை தப்பியது.

கடைக்காரர் என்ன செய்யலாம்? முதலில் பாஸ்வேர்டு வேண்டும். அதைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுகிறவர்களும் உண்டு. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதும் அதுவும் ஒன்றுதான்! டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் பொத்தானையும் 'எல்' பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், திரை மூடிக்கொள்ளும்.

பெட்டியையே திருடன் தூக்கிப் போனால்? பாஸ்வேர்டு மட்டும் காப்பாற்றாது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடுவான். 'பிட்லாக்கர்' போன்ற வசதி இருந்தால், டிஸ்கில் உள்ளதெல்லாம் புரியாத குறிகளாக மாறிவிடும். ஆனால் அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வைக்க வேண்டும். அது தொலைந்தால் சொந்தக்காரருக்கே கதவு திறக்காமல் போகலாம். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதியும் அதே பீரோவில் இருக்கட்டும். பெட்டியின் சீரியல் நம்பரையும் குறித்து வைத்தால், போலீசில் புகார் எழுதும்போது உதவும்.