உங்களுக்குத் தெரியுமா?

கிணற்றில் எண்ணெய் கலந்ததற்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டுமாறு இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டிருக்கிறது. இடம், யாழ்ப்பாணம் சுன்னாகம். நிறுவனம், நோர்தன் பவர். தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரலில்.

• வழக்கைத் தொடுத்தவர் சுற்றுச்சூழல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி தீர்ப்பளிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை. ஒரு குடும்பத்தின் குடிநீருக்கு இது மிகச் சிறிய தொகைதான்.

• யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கதி. அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே மாசு கிணற்றுக்குக் கிணறு பரவிவிடும்.

• எண்ணெய்ப் பரிசோதனைக்குத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும். போத்தலை அதே கிணற்று நீரால் அலசவும் கூடாது. எடுத்த கையோடு அமிலம் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டும்.

• ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நிலத்தடி வேறு மாதிரி. கடும்பாறை. மேல்மண்ணிலும் பாறைப் பிளவிலும் ஊறும் நீர்தான் பீலியில் கொட்டுகிறது. அதனால் பீலிக்கு மேலே, சரிவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: எண்ணெய்த் தாங்கியா, உரக் களஞ்சியமா, லயத்து மலக்குழியா? மழைக்காலத்தில் ஒரு முறை, வறட்சியில் ஒரு முறை என வருடம் தவறாமல் சோதித்தால்தான் மாற்றம் பிடிபடும்.